கய்யே ஓச்சோவில் ஒரு ஐஸ்கிரீம் கடை: கொய்யா, க்ரீம் சீஸ், மேரி பிஸ்கட்

செல்வி_மயாமி | சனி, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். மயாமிக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு கடையைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக ஆசை. இன்று அங்கே போய்விட்டு வந்த சூட்டோடு எழுதுகிறேன்.

இங்கே லிட்டில் ஹவானா என்று ஒரு பகுதி இருக்கிறது. 1959இல் கியூபாவில் புரட்சி நடந்த பிறகு, அந்த நாட்டை விட்டுக் கிளம்பியவர்கள் அலை அலையாக வந்து குடியேறிய இடம். அதன் நடுவே போகும் எட்டாம் தெருவை யாரும் ஆங்கிலத்தில் சொல்ல மாட்டார்கள். கய்யே ஓச்சோ என்றுதான் சொல்வார்கள். ஸ்பானிஷில் அதற்கும் எட்டாம் தெரு என்றுதான் பொருள். அந்தத் தெருவில் பதினைந்தாவது அவென்யூ வந்து சேரும் முக்கில் ஒரு சின்னப் பூங்கா. மாக்ஸிமோ கோமெஸ் என்ற விடுதலைப் போர்த் தளபதியின் பெயரில் இருந்தாலும் எல்லோருக்கும் அது டோமினோ பூங்காதான். வயதானவர்கள் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கட்டைகளைக் கலைக்கும் சத்தம் தெருமுனை வரை கேட்கும். பக்கத்தில் 1926இல் கட்டிய டவர் தியேட்டர். அதற்கு நேர் எதிர்ப்பக்கம்தான் நான் சொல்லும் கடை, 'அசூக்கார்'. வாசல் சுவரில் பெரிய ஐஸ்கிரீம் கோன் வைத்திருப்பார்கள், தூரத்திலிருந்தே தெரியும்.

அசூக்கார் என்றால் சர்க்கரை. 2011இல் ஆரம்பித்தது. வங்கியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த கியூப வம்சாவளிப் பெண் ஒருவர் அந்த வேலைக்குப் பிறகு தொடங்கிய கடை. பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. செலியா க்ரூஸ் என்ற பெரிய பாடகி மேடையில் நின்று "அசூக்கார்!" என்று குரல் கொடுப்பார், கூட்டம் எழுந்துவிடும். ஒரு உணவகத்தில் பரிமாறுபவர் காப்பிக்குச் சர்க்கரை வேண்டுமா என்று கேட்டாராம். "நீ கியூபாக்காரன், இதைக் கேட்கலாமா? சர்க்கரை போடாமல் எப்படி!" என்று இவர் சொல்ல, அதை மேடையில் கதையாகச் சொல்லிச் சொல்லிக் கடைசியில் அந்த ஒரு வார்த்தையே அவருடைய அடையாளம் ஆகிவிட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கடையில் எல்லோரும் கேட்டு வாங்குவது 'அபுவேலா மரியா'. மரியா பாட்டி. வனிலா ஐஸ்கிரீமில் கொய்யாப்பழப் பாகு, க்ரீம் சீஸ், அப்புறம் மரியா பிஸ்கட். முதல் தடவை சாப்பிட்டபோது நான் அப்படியே நின்றுவிட்டேன். அந்த பிஸ்கட் வேறொன்றும் இல்லை, நம் மேரி பிஸ்கட்! காய்ச்சல் வந்தால் அம்மா பாலில் நனைத்துக் கொடுப்பாளே, அதே வாசனை. பிறகு தேடிப் பார்த்தேன். 1874இல் ரஷ்ய இளவரசி மரியாவுக்கும் இங்கிலாந்து இளவரசர் ஒருவருக்கும் கல்யாணம் நடந்தபோது, அதற்காக லண்டனில் பீக் ஃப்ரீன்ஸ் என்ற கம்பெனி செய்த பிஸ்கட் அது. ஸ்பெயின் போய் மரியா ஆனது, கியூபாவில் பாட்டி வீட்டு டப்பாவுக்குள் போனது. நம் ஊரில் மேரி ஆனது.

இதை வீட்டில் யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? நான் இரண்டு முறை முயன்றேன். பிஸ்கட் நமுத்துக் கூழாகிவிட்டது, கொய்யா பாறையாகிவிட்டது. ஐஸ்கிரீம் தொழிலில் இருப்பவர்கள் இங்கே உண்டு என்று தெரியும். சொல்லுங்கள்.


பாஸ்கர்_திண்டுக்கல் | ஞாயிறு, காலை 6.15

அக்கா, பதினான்கு வருடமாக இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத் தூக்கம் போய்விட்டது. கொய்யாவுக்கு எங்கள் பக்கம் பஞ்சமே இல்லை. பழனி போகிற வழியில் ஆயக்குடி சந்தை இருக்கிறது, பருவத்தில் கூடை கூடையாக இறங்கும். ஆனால் இத்தனை வருடத்தில் நான் கொய்யாவில் ஐஸ்கிரீம் போட்டதே இல்லை. மாம்பழம், சப்போட்டா, சீத்தா என்று போயிருக்கிறேன். கொய்யாவை உப்பு மிளகாய்ப்பொடியோடு சாப்பிடுகிற பழம் என்றே ஒதுக்கி வைத்துவிட்டேன்.

மூன்று சந்தேகம். கொய்யா மொத்தமாகக் கலந்திருக்கிறதா, இல்லை கோடு கோடாக ஓடுகிறதா? க்ரீம் சீஸ் தனியாகத் தட்டுப்படுகிறதா? பிஸ்கட் மொறுமொறுவென்று இருக்கிறதா, மெத்தென்று இருக்கிறதா? இதைச் சொன்னால் மற்றதை நான் யோசித்துக்கொள்வேன்.


செல்வி_மயாமி | ஞாயிறு, இரவு 8.05

தம்பி, உங்களுக்காகவே இன்று மறுபடி போய், கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்த்தேன்.

கொய்யா கோடாகத்தான் ஓடுகிறது. ஜாமை விட இறுகலாக, அல்வாவை விட இளகலாக, செங்கல் நிறத்தில். நாக்கில் பட்டதும் ஐஸ் போலக் குத்தவில்லை, வழுவழுவென்று இழைகிறது. க்ரீம் சீஸ் அங்கங்கே சின்னச் சின்னத் திட்டாக இருக்கிறது. அது வரும் வாயில் மட்டும் லேசான புளிப்பும் உப்பும் தெரியும், அடுத்த வாயில் மறைந்துவிடும். பிஸ்கட் மொறுமொறுப்பு இல்லை. கேக்கின் ஓரம் மாதிரி, கடித்தால் தெரிகிற அளவுக்கு மெத்தென்று இருக்கிறது. ஆனால் கரையவில்லை.

இந்தக் கொய்யாவும் சீஸும் சேர்க்கை இந்தக் கடையின் கண்டுபிடிப்பு இல்லை. இங்கே எந்தக் கியூப பேக்கரியில் நுழைந்தாலும் பாஸ்தெலீத்தோ என்று ஒரு பஃப்ஸ் இருக்கும், உள்ளே கொய்யாவும் க்ரீம் சீஸும். கொய்யா விழுதைக் கட்டியாக, சோப்பு மாதிரி நீளப் பாளமாக விற்பார்கள். ஒரு துண்டு வெட்டி, மேலே சீஸ் வைத்து, மரியா பிஸ்கட்டில் ஏற்றி மாலையில் பிள்ளைகளுக்குக் கொடுப்பது அவர்கள் வீட்டுப் பழக்கம். கடைக்காரம்மா செய்தது, பாட்டி தட்டில் வைத்த அந்த மூன்றையும் ஐஸ்கிரீமுக்குள் கொண்டு வந்ததுதான்.


கடல்வழி_ஜேம்ஸ் | திங்கள், காலை 11.20

தூத்துக்குடிக்காரன், கப்பலில் இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஹவானா துறைமுகத்தில் இரண்டு முறை இறங்கியிருக்கிறேன். செல்வி தங்கச்சி எழுதியது அழகாக இருக்கிறது, அதில் குறை சொல்லவில்லை. ஆனால் கியூப ஐஸ்கிரீம் என்றால் கொப்பேலியாவைச் சொல்லாமல் பேச முடியாது. அசல் அங்கேதான் இருக்கிறது.

வெடாடோ என்ற பகுதியில் 23ஆம் தெருவும் எல் தெருவும் சேரும் இடத்தில், ஒரு தெருக்கட்டம் முழுவதையும் அடைத்துக்கொண்டு, மரங்களுக்கு நடுவே பறக்கும் தட்டு இறங்கின மாதிரி ஒரு கட்டடம். மாரியோ ஜிரோனா என்ற கட்டடக் கலைஞர் வரைந்தது. 1966இல் திறந்தார்கள். ஃபிடல் காஸ்ட்ரோவுக்கு ஐஸ்கிரீம் என்றால் உயிர். சாதாரண ஜனங்களுக்கு உலகத்தரத்தில் கொடுக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். புரட்சியில் கூடவே நின்ற செலியா சான்செஸ் பொறுப்பெடுத்துச் செய்தார். தனக்குப் பிடித்த பாலே நாடகத்தின் பெயரையே கடைக்கு வைத்ததும் அவர்தான்.

அங்கே வரிசை என்பதே தனிக் கலை. போனதும் கூட்டத்தைப் பார்த்து "கடைசி யார்?" என்று சத்தமாகக் கேட்க வேண்டும். ஒருவர் கை தூக்குவார். அவருக்குப் பின்னால் நாம். அதற்குப் பிறகு நிழலில் போய் உட்கார்ந்துகொள்ளலாம், கதை பேசலாம், யாரும் இடத்தைப் பறிக்க மாட்டார்கள். அடுத்து வருபவர் கேட்கும்போது நாம் கை தூக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்குப் பாஷை தெரியாது. முன்னால் நின்ற ஓர் அம்மா என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டுக் காட்டிக்கொடுத்தார். ஒன்றரை மணி நேரம் நின்றோம். உள்ளே போய் மேஜையில் முன்பின் தெரியாதவர்களோடு உட்கார்ந்தோம். என்சலாதா என்று ஐந்து உருண்டை வைத்த தட்டு. அன்றைக்கு இரண்டே சுவைதான் இருந்தது. ஆனால் பக்கத்தில் இருந்த குடும்பம் ஆளுக்கு இரண்டு தட்டு வாங்கி, டப்பாவிலும் நிரப்பிக்கொண்டு போனது. விலை நம் காசில் சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவ்வளவு குறைவு.

இன்னொன்று. அந்தத் தீவின் வெப்பத்தில் நிறையப் பால் கறக்கும் ஹோல்ஸ்டைன் என்ற சீமை மாடு தாங்காது என்று, திமில் உள்ள செபு மாட்டோடு கலந்து புது இனம் உண்டாக்கப் பார்த்தார்கள். செபு என்பது நம் நாட்டு மாட்டு வம்சம்தான். அந்தக் கலப்பில் பிறந்த உப்ரே பிளாங்கா, அதாவது வெள்ளை மடி, 1982இல் ஒரே நாளில் 109.5 லிட்டர் பால் கறந்து உலகச் சாதனை செய்தது. அது செத்த பிறகு உடலைப் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த மாதிரி இன்னொரு மாடு வரவில்லை. 1991இல் கியூபாவுக்குத் துணையாக இருந்த சோவியத் யூனியன் கலைந்த பிறகு பால் தட்டுப்பாடு, சுவைகள் குறைந்தன. இருந்தாலும் அந்த வரிசை நிற்கிறது. மயாமியில் இருப்பது நல்ல வியாபாரம். ஹவானாவில் இருப்பது ஒரு ஊரின் வாழ்க்கை. என் கருத்து இது.


தேன்மொழி | திங்கள், மாலை 4.45

ஜேம்ஸ் ஐயா சொல்வதில் எனக்கும் உடன்பாடு உண்டு. போன வருடம் அக்கா வீட்டுக்குப் போனபோது அந்த மயாமிக் கடைக்குப் போனேன். ஐஸ்கிரீம் நன்றாக இருந்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் பலகையில் மிளகாய்க் காரம் போட்ட சாக்லேட் ஐஸ்கிரீம் ஒன்றுக்கு 'நரகத்தில் எரி, ஃபிடல்' என்று பெயர். குழந்தைகள் நிற்கிற வரிசையில் ஒரு சாபத்தை எழுதி வைப்பது எனக்குச் சங்கடமாக இருந்தது. இனிப்புக் கடையில் அது எதற்கு? மற்ற ஊர்க்காரர்கள் அதைப் படம் எடுத்துப் போட்டுச் சிரிக்கிறார்கள். வலி இருக்கிறது என்றால் வலியாகச் சொல்லலாமே.


செல்வி_மயாமி | திங்கள், இரவு 10.30

ஜேம்ஸ் அண்ணா, தேன்மொழி, இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார். அவரோடுதான் நான் அந்தக் கடைக்கு முதலில் போனேன். 1962இல், ஒன்பது வயதில், அம்மா அப்பா இல்லாமல் தனியாக விமானத்தில் ஏற்றி அனுப்பப்பட்டவர். 1960 கடைசியிலிருந்து 1962 அக்டோபர் வரை இப்படி 14,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளை அனுப்பியிருக்கிறார்கள். பெத்ரோ பான் என்று அந்த ஏற்பாட்டுக்குப் பெயர். சீக்கிரம் வந்துவிடுவோம் என்று சொல்லி அனுப்பிய இவருடைய பெற்றோர் வந்து சேர நான்கு வருடம் ஆனது. இவருடைய பாட்டி வரவே இல்லை. அந்தப் பாட்டி பிஸ்கட்டை உடைத்து, கொய்யாத் துண்டை வைத்து, மேலே இன்னொரு பிஸ்கட்டை அமுக்கிக் கொடுக்கும்போது ஓரத்தில் பிதுங்கி வருவதை விரலால் வழித்து இவர் வாயில் வைப்பாராம். இந்தக் கதையை என்னிடம் சொல்லும்போது அவர் தன் ஆள்காட்டி விரலை அப்படியே நீட்டிக் காட்டினார். அறுபது வருடம் ஆகிவிட்டது, அந்த விரல் மறக்கவில்லை.

ஜேம்ஸ் அண்ணா, 1966இல் கொப்பேலியா திறந்தபோது இவர் அங்கே இல்லை. அந்த வரிசையில் இவரால் நிற்க முடியாது. இவருக்கு அசல் என்பது பாட்டியின் சமையல் மேஜை. அது ஹவானாவிலும் இப்போது இல்லை. எனக்குத் தோன்றுவது, கொப்பேலியா அங்கே இருந்தவர்களின் ஐஸ்கிரீம், இது கிளம்பி வந்தவர்களின் ஐஸ்கிரீம். இரண்டில் ஒன்றை நகல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

செலியா க்ரூஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1960இல் கச்சேரிக்கு என்று கியூபாவை விட்டுப் போனவர். 1962இல் அம்மா இறந்தபோது வந்து பார்க்க அரசு அனுமதி தரவில்லை. 1990இல் கியூபாவிலேயே குவாண்டானமோவில் இருக்கும் அமெரிக்கத் தளத்துக்குப் பாடப் போனபோது, அங்கிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து வந்து வைத்துக்கொண்டார். 2003இல் அவர் இறந்தபோது அந்த மண்ணையும் அவரோடு வைத்து அடக்கம் செய்தார்கள். அந்தக் கடைச் சுவரில் அவர் படம் இருக்கிறது. அதைப் பார்த்தால் எனக்கு இந்த மண்தான் ஞாபகம் வரும்.

தேன்மொழி, அந்தப் பெயர் விஷயம். பாட்டியிடம் கேட்டேன். அவர் அந்தச் சாக்லேட்டை வாங்கவே மாட்டார், காரம் ஒத்துக்கொள்ளாது என்பார். அந்தப் பெயரைப் படித்தால் சிரிக்கவும் மாட்டார். "என் அப்பா இருந்திருந்தால் தினமும் வாங்கியிருப்பார்" என்று மட்டும் சொன்னார். அவர் அப்பாவின் கடையை ஃபிடல் அரசு பிடுங்கிக்கொண்டது. அந்தப் பெயர் எனக்கும் உவப்பாக இல்லை. ஆனால் அதை எடு என்று சொல்லும் இடத்தில் நான் இல்லை.


நல்லூரான்_ரொறன்ரோ | செவ்வாய், அதிகாலை 1.10

தங்கச்சி, நீங்கள் அந்த விரலைப் பற்றி எழுதியதை வாசித்துவிட்டு நித்திரை வரவில்லை.

நான் 95ஆம் ஆண்டு ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்து வெளிக்கிட்ட ஆட்களில் ஒருவன். எங்களுக்குக் கிறீம் ஹவுஸ் என்பது பெரிய விஷயம். நல்லூர்த் திருவிழாவுக்குப் போனால் கோயிலால் வெளியில் வந்து, மண் ஒட்டின காலோடு போய் ஐஸ்கிறீம் குடிக்காமல் வீட்டுக்குத் திரும்ப மாட்டோம். ஓம், குடிக்கிறது என்றுதான் சொல்வோம். கனடா வந்து எத்தனையோ கடையில் வாங்கியிருக்கிறேன், அந்தச் சுவை வரவில்லை. கன வருடம் கழித்து ஊருக்குப் போய் நல்லூரில் அதே மாதிரி ஒன்று எடுத்தேன். சுவை அப்படியேதான் இருந்தது. கூட இருந்து குடித்த தம்பிதான் இல்லை.

ஜேம்ஸ் அண்ணை, அசல் எது என்ற கேள்விக்கு என்னட்டை விடை இல்லை. ஆனால் எங்கட சனம் இங்கே ஒரு கிறீம் ஹவுஸ் திறந்து, எங்கட பாட்டியின் பெயரை ஒரு சுவைக்கு வைத்தால், நான் பனிக்குள்ளும் போய் வரிசையில் நிற்பேன்.


பாஸ்கர்_திண்டுக்கல் | வெள்ளி, இரவு 11.50

நான்கு நாளாகக் கடை மூடிய பிறகு இதே வேலைதான். முதல் தவணை தோற்றது, இரண்டாவது வந்துவிட்டது. வீட்டில் செய்பவர்களுக்கும் உதவும்படி எழுதுகிறேன்.

செல்வி அக்கா, உங்கள் கொய்யா பாறையானதற்குக் காரணம் தண்ணீர். பச்சைக் கொய்யாக் கூழில் பெரும்பகுதி தண்ணீர்தான். ஐஸ்கிரீமை வைக்கிற மைனஸ் 18 டிகிரியில் அது அப்படியே கட்டிவிடும். சர்க்கரை நிறையக் கரைந்திருந்தால் தண்ணீரில் ஒரு பகுதி உறையாமலே இருக்கும், அதனால்தான் பாகு அந்தக் குளிரிலும் இளகி நிற்கிறது. ஆகவே கொய்யாவைக் காய்ச்சியே ஆக வேண்டும். நான் நன்றாகக் கனிந்த சிவப்புச் சதைக் கொய்யா இரண்டு கிலோ வாங்கி, தோலோடு வேகவைத்து, மசித்து, சல்லடையில் தேய்த்து விதையை நீக்கினேன். விதை ஒன்றுகூட இருக்கக் கூடாது, உறைந்த விதை பல்லை உடைக்கும். வந்த கூழின் எடைக்கு முக்கால் பங்கு சர்க்கரை, இரண்டு எலுமிச்சம்பழச் சாறு. அடி கனமான உருளியில் கைவிடாமல் கிண்ட வேண்டும். கொய்யாவில் இயற்கையாகவே பெக்டின், அதாவது ஜாமை இறுகவைக்கும் சத்து, அதிகம், அதனால் வேறு எதுவும் சேர்க்க வேண்டாம். முதலில் கொதித்துத் தெறிக்கும், கையில் துணி சுற்றிக்கொள்ளுங்கள். அரை மணி நேரத்தில் நிறம் மாறி, கரண்டியைத் தூக்கினால் சொட்டாமல் தொப்பென்று விழும். அந்த இடத்தில் நிறுத்துங்கள். இன்னும் போனால் அல்வா ஆகிவிடும், கோடாக ஓடாது.

பிஸ்கட் நமுத்ததற்கும் தண்ணீர்தான் காரணம். முதல் தவணையில் நானும் உடைத்துப் போட்டு ஏமாந்தேன். அப்புறம் எங்கள் வீட்டில் சொன்ன யோசனை இது: மேரி பிஸ்கட்டைப் பெரிய துண்டுகளாக உடைத்து, வெண்ணெயில் லேசாகப் புரட்டி, வாணலியில் சிறு தீயில் வாசனை வரும்வரை வறுத்து ஆறவைத்தேன். மேலே படிந்த கொழுப்பு ஈரத்தை உள்ளே விடாது. ஒரு வாரம் கழித்து எடுத்தாலும் கடிபடும் என்று நினைக்கிறேன், இப்போதைக்கு இரண்டு நாள் பார்த்திருக்கிறேன். அக்கா சொன்ன 'கேக்கின் ஓரம்' பதம் அப்படியே வந்தது.

க்ரீம் சீஸை மெஷினில் ஊற்றி அடித்தால் மொத்தமும் புளிப்பாகிவிடுகிறது. அதைத் தனியாகக் கொஞ்சம் சர்க்கரை போட்டுக் குழைத்து, சின்ன உருண்டையாகத் தட்டில் உறையவைத்து, ஐஸ்கிரீம் மெஷினிலிருந்து மெத்தென்று வெளியே வரும் நேரத்தில் கையால் மடித்துச் சேர்த்தேன். கொய்யாவும் பிஸ்கட்டும் அதே சமயத்தில்தான். ஒரு அடுக்கு ஐஸ்கிரீம், ஒரு அடுக்கு இவை, மறுபடி ஐஸ்கிரீம். கிண்டவே கூடாது, கிண்டினால் கோடு போய்விடும்.

வனிலா அடித்தளத்துக்கு முட்டை இல்லாமல்தான் செய்தேன், என் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் சைவம். ஆனால் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். பால் கொழுப்பு 10 சதவீதத்துக்குக் குறைந்தால் நம் நாட்டுச் சட்டப்படி அதை வெறுமனே ஐஸ்கிரீம் என்று எழுதி விற்கவே முடியாது. இந்தச் சுவைக்கு நான் 12 வைத்தேன். கொய்யாவின் அந்தக் காட்டமான மணத்தைத் தாங்க பாலுக்கு அவ்வளவு கனம் வேண்டும்.

அம்மாவிடம் ஒரு கிண்ணம் கொடுத்தேன். ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு, "டீ இல்லாமலே டீ குடித்த மாதிரி இருக்கிறது" என்றார்.


செல்வி_மயாமி | சனி, மதியம் 1.15

தம்பி, அதைப் படித்துக் காட்டினேன், பாட்டி கைதட்டினார்! கொய்யா கரண்டியிலிருந்து தொப்பென்று விழும் பதத்தை அவர் பாட்டியும் அப்படித்தான் பார்ப்பாராம். எலுமிச்சம்பழம் போட்டது சரி என்றார். ஆனால் உப்பு ஒரு சிட்டிகை வேண்டும், பாலில் இல்லை, கொய்யாவில்.

அவர் இன்னும் இரண்டு சொன்னார். ஒன்று மாமே. வெளியே சொரசொரப்பான பழுப்புத் தோல், உள்ளே சால்மன் மீன் நிறத்தில் சதை. நம் சப்போட்டாவுக்கு ஒன்றுவிட்ட உறவு, இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். சர்க்கரைவள்ளிக் கிழங்கும் பாதாமும் சேர்ந்த மாதிரி ருசி. மயாமிக்குத் தெற்கே ஹோம்ஸ்டெட் பக்கம் விளைகிறது. கடையில் மாமே ஐஸ்கிரீம் இருந்தால் பாட்டி வேறு எதையும் பார்க்க மாட்டார். உங்களுக்குப் பழம் கிடைக்காது, அதனால் விட்டுவிடுங்கள்.

இரண்டாவது உங்களால் முடியும்: பிளாத்தனோ மதுரோ. சமையல் வாழைக்காயைத் தோல் கறுக்கும்வரை பழுக்கவிட்டு, சாய்வாக நறுக்கி, எண்ணெயில் ஓரம் பழுப்பாகும்வரை பொரித்து, சோறு பீன்ஸோடு சாப்பிடுவார்கள். கடையில் அதையே ஐஸ்கிரீமாகச் செய்கிறார்கள். நம் நேந்திரம்பழமும் அந்த வகைதானே?


கடல்வழி_ஜேம்ஸ் | சனி, மாலை 5.30

நேந்திரன் அதே இனம்தான், சந்தேகம் வேண்டாம். ஹவானாவில் பொரித்த மதுரோ சாப்பிட்டபோது எனக்கு நாகர்கோவில் ஞாபகம்தான் வந்தது.

செல்வி தங்கச்சி, நீங்கள் சொன்னதை ஐந்து நாளாக மனதில் வைத்திருந்தேன். கொப்பேலியாவைப் பற்றி எழுதியதில் ஒன்றையும் மாற்றிச் சொல்ல மாட்டேன். அங்கே ஏழை எளியவர்கள் வயிறு நிறைய ஐஸ்கிரீம் சாப்பிட்டதைக் கண்ணால் கண்டவன் நான், அது பெரிய காரியம். ஆனால் 'நல்ல வியாபாரம்' என்று உங்கள் கடையை ஒரு வார்த்தையில் முடித்தது தப்பு. அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஒன்பது வயதுப் பிள்ளையைத் தனியாக ஏற்றி அனுப்பின வீட்டைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

அந்தப் பாட்டியிடம் ஒன்று கேட்டுச் சொல்ல முடியுமா? "கடைசி யார்?" என்று கேட்கிற வழக்கம் அவர் சின்ன வயதில் இருந்ததா?


செல்வி_மயாமி | சனி, இரவு 9.00

கேட்டேன் அண்ணா. இருந்ததாம், ரொட்டிக் கடையில். அம்மா அனுப்பினால் இவர்தான் ஓடிப்போய்க் கேட்பாராம். இன்று சாயங்காலம் கய்யே ஓச்சோவில் காப்பி ஜன்னலில் கூட்டமாக இருந்தது. இங்கே உணவகங்களில் தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல் வைத்து அதன் வழியாகவே காப்பி கொடுப்பார்கள். முதலில் இறங்கும் சில சொட்டு டிகாக்ஷனைச் சர்க்கரையோடு வெள்ளை நுரை வரும்வரை அடித்து, மீதிக் காப்பியை அதன் மேல் ஊற்றுவார்கள். பாட்டி அங்கே போய் நின்று ஸ்பானிஷில் சத்தமாக "கடைசி யார்?" என்று கேட்டார். தொப்பி போட்ட ஒரு தாத்தா திரும்பிப் பார்த்துக் கையைத் தூக்கினார். இரண்டு பேரும் அதற்குப் பிறகு அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் காப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பாஸ்கர் தம்பி, மதுரோ எப்போது?


பாஸ்கர்_திண்டுக்கல் | ஞாயிறு, காலை 6.40

நான்கு நேந்திரங்காய் வாங்கித் துணியில் சுற்றி அரிசிப் பானையில் வைத்திருக்கிறேன் அக்கா. இன்னும் மஞ்சளாகத்தான் இருக்கிறது. தோல் முழுக்கக் கறுக்க ஐந்தாறு நாள் ஆகும். அதுவரை பொறுக்கச் சொல்லுங்கள் பாட்டியை. கொய்யாவில் உப்பு போட்டுப் பார்த்தேன், அவர் சொன்னது சரி.